நிறுத்து என்று சொல்ல யாருக்கு உரிமை?

பெரிய ஆலை எதுவானாலும் கேட்டைத் தாண்டியதும் ஒரு பலகை கண்ணில் படும். ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று மேலே எழுதி, கீழே ஓர் எண் போட்டிருப்பார்கள். தினமும் காலை ஷிப்ட் தொடங்கும்போது அந்த எண்ணில் ஒன்று கூடும். யாராவது அடிபட்டு மறுநாள் வேலைக்கு வர முடியாமல் போனால் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். 1966-ல் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்ட நாள் அது. அந்த வாரம் முழுக்க பேனர், உறுதிமொழி, வாசகப் போட்டி, கண் பரிசோதனை முகாம், யோகா வகுப்பு என்று ஆலை களைகட்டும்.

இவை எதுவும் வேண்டாதவை அல்ல. ஆனால் ஓர் ஆலை பாதுகாப்பானதா என்று தெரிந்துகொள்ள அந்தப் பலகை உதவாது. உள்ளே போய், லைனில் கடைசியாகச் சேர்ந்த காண்ட்ராக்ட் தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: “இந்த மெஷின் சரியில்லை என்று தோன்றினால் நீங்களே நிறுத்தலாமா? நிறுத்தினால் நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்குமா?” அவர் சட்டென்று பதில் சொன்னால் ஒரு மாதிரி ஆலை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்து மழுப்பினால் வேறு மாதிரி ஆலை.

இந்தக் கேள்வி நமக்கு மற்றவர்களைவிட நெருக்கமானது. நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகள் இருப்பது தமிழ்நாட்டில். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இங்கேதான் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை, திருப்பூர் என்று விடியற்காலையில் எந்தச் சாலையில் நின்றாலும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. அவற்றில் தூங்கி வழிந்தபடி போகிற பிள்ளைகள் மாலையில் முழு உடம்போடு திரும்பி வருவார்கள் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை எல்லா நாளும் பலிப்பதில்லை. மத்திய அரசு திரட்டிய விவரங்களின்படி, 2017 முதல் 2020 வரை இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 1,109 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்கு மூன்று பேர். 2018 முதல் 2020 வரையிலான மூன்று ஆண்டுகளில் 3,331 மரணங்கள். அதே காலத்தில் தொழிற்சாலைச் சட்டத்தை மீறியதற்காகச் சிறைக்குப் போனவர்கள் 14 பேர். பதிவு பெறாத பட்டறைகளும், பதிவேட்டுக்கே போகாத காயங்களும் இந்தக் கணக்கில் இல்லை.

இரண்டு பொத்தான்களின் கதை

பவர் பிரஸ் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கார், பைக் உதிரிபாகங்கள் செய்யும் ஆலைகளில் தகட்டை வெட்டவும் வளைக்கவும் வைத்திருக்கும் எந்திரம் இது. கீழே ஒரு டை (அச்சு), மேலே ஒரு டை. நடுவில் தகட்டை வைத்து இயக்கியதும் மேல் டை பல டன் அழுத்தத்தோடு இறங்கும். தகடு வடிவம் பெறும். டை மேலே ஏறும். எல்லாம் ஓரிரு நொடிக்குள். தகட்டை வைக்கவும் எடுக்கவும் கை உள்ளே போக வேண்டும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை போய் வர வேண்டும். அதில் ஒரே ஒரு முறை டை முந்திக்கொண்டால் விரல் போய்விடும்.

இதற்கு வழி கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எந்திரத்தை இயக்கும் பொத்தான் ஒன்றுக்குப் பதில் இரண்டு. இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது டைக்குள் எந்தக் கையும் இருக்காது. இன்னொரு வழி, எந்திரத்தின் முன்னால் சென்சார் கதிர்களால் ஒரு திரை போடுவது. கை குறுக்கே போனால் பிரஸ் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் பழைய பின் கிளட்ச் பிரஸ்களில் இந்தத் திரை பயன்படாது. அவை ஒருமுறை இறங்கத் தொடங்கினால் அடித்துவிட்டுத்தான் நிற்கும். பாதியில் நிறுத்தவே முடியாத எந்திரத்துக்குச் சென்சார் மாட்டி, ஆய்வுக்கு வருபவரிடம் காட்டுவது கண்துடைப்பு. அங்கே கை உள்ளே போகவே முடியாதபடி கம்பித் தடுப்பு போட வேண்டும். இல்லையென்றால் எந்திரத்தையே மாற்ற வேண்டும்.

இரண்டு பொத்தான் இருக்கிற இடத்திலும் என்ன நடக்கிறது? ஒரு பொத்தானை அழுத்தி அதன் சந்தில் தீக்குச்சியைச் செருகிவிடுவார்கள், அல்லது டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு கை விடுபட்டுவிடும். மணிக்கு நூறு பீஸ் கூடுதலாக அடிக்கலாம். இதைச் செய்வது பெரும்பாலும் தொழிலாளிதான். ஆனால் அவர் ஏன் செய்கிறார் என்பதை யாரும் விசாரணை அறிக்கையில் எழுதுவதில்லை. அந்த ஷிப்டுக்கு வைத்த டார்கெட்டை இரண்டு கையாலும் அழுத்தி எட்டவே முடியாது என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். தீக்குச்சி செருகியிருப்பதும் தெரியும். எண்ணிக்கை வந்தால் போதும் என்று கடந்து போயிருப்பார். விரல் போன பிறகு மட்டும் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி எழுதப்படும்.

அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை. பத்து மணி நேரம் நின்று, ஐயாயிரம் முறை ஒரே அசைவைச் செய்கிற மனிதனுக்கு ஒரு தடவை கவனம் தவறத்தான் செய்யும். தவறும் என்று தெரிந்தே எந்திரத்தை வடிவமைப்பதுதான் பொறியியல். கவனம் தவறினால் விரல் போகும் என்கிற நிலையில் எந்திரத்தை வைத்துவிட்டு, சுவரில் ‘கவனமாக இரு’ என்று எழுதுவது பாதுகாப்பு ஆகாது.

ஹரியானாவின் குர்கான், மானேசர் பகுதியில் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு அடிபட்ட வாகன உதிரிபாகத் தொழிலாளர்களை 2016 முதல் சந்தித்து உதவி வருகிறது. ‘க்ரஷ்டு’ என்ற பெயரில் அது ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் படித்தால் ஒரே சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது: பவர் பிரஸ், போன விரல்கள், நீண்ட வேலை நேரம், வெளிமாநிலத்திலிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளி, அடிபட்ட பிறகு அவசரமாகப் போட்டுக் கொடுத்த இ.எஸ்.ஐ. அட்டை. பெரும்பாலானவை பெரிய கார் கம்பெனியின் கேட்டுக்குள் நடப்பதில்லை. அதற்கு உதிரிபாகம் கொடுக்கிற சின்ன ஆலைகளில் நடக்கின்றன. பெரிய கம்பெனியின் பலகையில் எண் குறைவதில்லை. அந்தக் கார்களில்தான் நாம் பயணம் செய்கிறோம்.

லைனை நிறுத்துவது முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஜப்பானிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. டொயோட்டா ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. பொருத்திய பாகத்தில் குறை தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், லீடர் ஓடி வருவார், குறை சரியாகாவிட்டால் லைன் நிற்கும். அந்தக் குழுமத்தின் மூத்தவர் சகிச்சி டொயோடா, நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கியவர். அங்கிருந்து வந்த வழக்கம் இது. உலகம் முழுக்க வாகன ஆலைகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. கதவில் ஒரு கீறல் விழுந்தால் லைனை நிறுத்தலாம் என்று ஏற்றுக்கொண்ட தொழில்துறை, ஒரு மனிதனின் விரலுக்காக நிறுத்த முடியாது என்று சொல்ல முடியாது.

அலுமினியக் கம்பெனியில் ஒரு தலைவர்

பாதுகாப்பை முதலில் வைத்தால் லாபம் குறையும் என்ற நம்பிக்கை நம் முதலாளிகளிடம் ஆழமாக இருக்கிறது. அதற்கு நேர் எதிரான சாட்சி அமெரிக்காவின் அல்கோவா. உலகின் மிகப் பெரிய அலுமினியக் கம்பெனிகளில் ஒன்று, பிட்ஸ்பர்க் நகரத்தது. 1987-ல் அதன் தலைவராக வந்தார் பால் ஓநீல். அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் முதலீட்டாளர்கள் முன்னால் முதல் தடவையாகப் பேசினார். லாபம், புதிய சந்தை, செலவுக் குறைப்பு என்று ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். காயமே இல்லாத கம்பெனியாக்குவதுதான் தன் இலக்கு என்றார். அந்த அறையில் அவசர வழி எங்கே இருக்கிறது என்றும் காட்டினார். கேட்டவர்களில் ஒருவர் வெளியே ஓடி, தன் வாடிக்கையாளர்களுக்கு போன் செய்து அல்கோவா பங்குகளை விற்றுவிடச் சொன்னாராம்.

சில மாதங்களில் அரிசோனா ஆலையில் ஓர் இளம் தொழிலாளி இறந்தார். நின்றுபோன எந்திரத்தைச் சரிசெய்யத் தடுப்பைத் தாண்டிக் குதித்திருக்கிறார். அடைப்பு நீங்கியதும் எந்திரக் கை திரும்பி வந்து தலையில் அடித்துவிட்டது. நம் ஊராக இருந்தால் ‘விதியை மீறித் தடுப்பைத் தாண்டினார்’ என்று கோப்பை மூடியிருப்பார்கள். ஓநீல் உயரதிகாரிகளைக் கூட்டி, இந்த மனிதனைக் கொன்றது நாம்தான், தலைவனாக நான்தான் என்ற பொருளில் பேசினார். தடுப்பைத் தாண்டுவதைச் சூப்பர்வைசர்கள் பார்த்தும் தடுக்கவில்லை. எந்திரம் நின்றுபோனால் தன் மேல் பழி வரும் என்ற பயம் தொழிலாளிக்கு இருந்தது. ஆள் உள்ளே போனால் எந்திரம் தானாக நிற்க ஏற்பாடு இல்லை. இந்த மூன்றுமே நிர்வாகத்தின் பொறுப்பு என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது எளிமையான காரியம். எந்த ஆலையில் யாருக்கு அடிபட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரிவின் தலைவரே தன்னிடம் சொல்ல வேண்டும். இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் பிரிவுத் தலைவருக்கு ஆலை மேலாளர் சொல்ல வேண்டும், அவருக்குச் சூப்பர்வைசர், அவருக்குத் தொழிலாளி. கீழிருந்து மேலே செய்தி போக முதன்முறையாக ஒரு பாதை திறந்தது. அந்தப் பாதையில் பாதுகாப்பு யோசனை மட்டும் போகவில்லை. உற்பத்தியை மேம்படுத்தும் யோசனைகளும் போயின. அவர் வரும்போது நூறு தொழிலாளர்களுக்கு 1.86 ஆக இருந்த வேலைநாள் இழப்புக் காய விகிதம் 2000-ல் 0.2 ஆகக் குறைந்தது. கம்பெனியின் சந்தை மதிப்பு சுமார் 300 கோடி டாலரிலிருந்து 2,700 கோடி டாலருக்கு மேல் போனது.

இந்தக் கதையை மேலாண்மை வகுப்புகளில் இதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1996-ல் நடந்தது. பங்குதாரர் கூட்டத்துக்கு டெக்ஸாஸிலிருந்து ஒரு கன்னியாஸ்திரீ வந்தார். மெக்ஸிகோவின் ஆகூன்யா நகர ஆலையில் வேலை செய்த ஒரு தொழிலாளியும் வந்தார். அந்த ஆலையில் வாயு பரவித் தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதையும், கழிவறையில் சோப்புக்கும் காகிதத்துக்கும்கூடக் கட்டுப்பாடு இருப்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள். நம் ஆலைகள் அப்படி இல்லை என்றுதான் ஓநீல் முதலில் மறுத்தார். பிறகு விசாரிக்க ஆட்களை அனுப்பினார். வாயுச் சம்பவம் உண்மை. ஆலையிலேயே அதைச் சரிசெய்தும் இருந்தார்கள். ஆனால் மேலே சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்த உயரதிகாரியை, அவர் எவ்வளவு லாபம் ஈட்டிக் கொடுத்தவர் என்று பார்க்காமல், வேலையிலிருந்து நீக்கினார். பாதுகாப்புக்குப் பேர்போன கம்பெனியிலும் உண்மை தலைமைக்குப் போய்ச் சேர வெளியாள் ஒருவர் வந்து கத்த வேண்டியிருந்தது. தொழிலாளிக்குக் குரல் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல தலைவரும் குருடர்தான்.

பலகையில் இருக்கிற எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி சாட்சி. 2005 மார்ச்சில் அங்கிருந்த பி.பி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். விபத்துக்கு முன்னால் அந்த ஆலையின் காயக் கணக்கு நன்றாகவே இருந்தது. வழுக்கி விழுந்தவர், கை கீறியவர் எல்லாம் குறைந்திருந்தார்கள். குழாய்களும் கருவிகளும் பழுதாகிக் கிடந்ததை அந்தக் கணக்கு காட்டவில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் வருவது

விபத்து செய்தியாகிறது, நோய் ஆவதில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் வேலை காரணமாக இறக்கிறார்கள். அவர்களில் விபத்தில் இறப்பவர்கள் 3.3 லட்சம். மற்றவர்கள், சுமார் 26 லட்சம் பேர், நோயால் போகிறார்கள். ஒருவர் விபத்தில் போனால் எட்டுப் பேர் நோயில் போகிறார்கள். ரிட்டயர் ஆன பிறகு மூச்சுத் திணறிச் சாகிற தொழிலாளியின் மரணம் எந்த ஆலையின் பலகையிலும் ஏறாது.

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் நூற்பாலைகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள் நெஞ்சு இறுகும். மறுநாள் கொஞ்சம் தேவலை. இது பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோயின் தொடக்க அடையாளம். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்து, தூசியை உறிஞ்சும் ஏற்பாடு செய்தால் நுரையீரலைக் காப்பாற்றிவிடலாம். ஆண்டுக்கணக்கில் விட்டால் திரும்பாது. காதும் அப்படித்தான். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சொலிகளில் தொடங்குகிறது. பேச்சு கேட்பதில் குறை தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆடியோமெட்ரி சோதனையை ஆண்டுதோறும் செய்து, முந்தைய ஆண்டு வரைபடத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சோதனை செய்கிற ஆலைகளிலும் அந்தத் தாளைத் தொழிலாளி கையில் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நம் மாநிலத்தில் இதற்குப் பெரிய பாடம் கொடைக்கானல். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானல் மலைக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தினுடையது, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். மணமில்லை, நிறமில்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். தாங்கள் கையாள்வது எவ்வளவு கொடிய பொருள் என்று யாரும் சொல்லவில்லை, தகுந்த பாதுகாப்பு தரவில்லை என்பது தொழிலாளர்கள் தரப்பு. ஆலையால் யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்பது கம்பெனி தரப்பு. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கு 2016 மார்ச்சில் 591 பேருக்கான உடன்பாட்டில் முடிந்தது. ஆலை மூடி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் இறந்தவர்களுக்கு அது என்ன நீதி?

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, தன் உடல்நலம் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தார்கள். கொடைக்கானல் ஆலை அதற்குப் பிறகும் 14 ஆண்டுகள் ஓடியது. கேட்டால் வேலை போகும் என்று பயப்படுகிறவருக்குக் கேட்கும் உரிமையால் என்ன பயன்?

யோகா வகுப்பும் கழிவறைக் கதவும்

‘எம்ப்ளாயீ வெல்னஸ்’ என்ற பெயரில் இப்போது பெரிய கம்பெனிகள் நிறைய செலவு செய்கின்றன. நடைப்போட்டி, எடை குறைப்பு, சத்துணவு ஆலோசனை. இவை பயன் தருகின்றனவா என்று முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2019-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவின் ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தில் 160 கிளைகள், சுமார் 33,000 தொழிலாளர்கள். குலுக்கல் முறையில் சில கிளைகளில் மட்டும் திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து, உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தொழிலாளியின் பழக்கத்தை மாற்றப் பார்க்கிறோம். அவர் வேலை செய்யும் இடத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். லைனில் நிற்கிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கழிவறைக்குப் போக மாற்றாள் வர வேண்டும். மாற்றாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். போய் வர எடுத்த நிமிடம் எண்ணப்படும். அவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். சிறுநீர்ப் பாதைத் தொற்று வரும். அப்புறம் முகாம் நடத்தி ‘தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்’ என்று துண்டுப் பிரசுரம் கொடுப்போம். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி வெளியிட்ட செய்தி இதைவிடக் கொடுமையானது. மாதவிலக்கு வலிக்கு ஓய்வு கேட்ட பெண்களுக்கு, பெயரோ காலாவதி தேதியோ தெரியாத மாத்திரைகளை மருத்துவர் இல்லாமலே சூப்பர்வைசர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஓய்வுக்குப் பதில் மாத்திரை.

இந்தியத் தொழிற்சங்க வரலாறே சாப்பாட்டு நேரத்தில்தான் தொடங்குகிறது. 1918-ல் பெரம்பூர் பக்கம் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, மதிய இடைவேளையை நீட்டிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் கோரிக்கைகளில் ஒன்று. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. நூறாண்டு கழித்து, 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகேயுள்ள விடுதியில் சாப்பாடு கெட்டு 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லாததால் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது, விடுதிகளின் நிலை உலகத்துக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. இது நல்ல காரியம், பாராட்ட வேண்டியது. சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வேலை நேரத்தைக் குறைப்பதும் மருத்துவம்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. கடைசி சில மணி நேரங்களில்தான் கை தடுமாறும், கண் சொருகும். அதோடு இப்போது வெயிலும் சேர்ந்துகொண்டது. வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறோம். ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், வேலையிடத்துச் சூடு கருச்சிதைவு ஆபத்தை இரு மடங்காக்கியது தெரியவந்தது. ஃபவுண்டரியிலும், தகரக் கூரை போட்ட தையல் கூடத்திலும் ஏப்ரல், மே மாதங்களில் ஓய்வு நேரத்தைக் கூட்டுவது கருணையல்ல; மருத்துவத் தேவை.

சட்டம் எங்கே வந்து நிற்கிறது

1948-ன் தொழிற்சாலைச் சட்டம் இவற்றில் பலவற்றைச் சொல்லியிருந்தது. எந்திரத்துக்குத் தடுப்பு, நின்று வேலை செய்பவர் உட்கார வசதி, 250 பேருக்கு மேல் இருந்தால் கோடையில் குளிர்ந்த குடிநீர், கேன்டீன். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நல்ல அம்சங்கள் உண்டு: எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம், 500 பேர் இருந்தாலே பாதுகாப்பு அதிகாரி (முன்பு 1,000 பேர் வேண்டும்), 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலை ஆக 10 பேர் போதும் என்பது 20 பேர் ஆகிவிட்டது. விரல்கள் போகிற சின்ன ஆலைகள் பலவும் இந்த வரம்புக்குள் தப்பிவிடும். 40 வயது என்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஸ்ரீபெரும்புதூர் லைன்களில் நிற்பவர்கள் இருபதுகளில் இருக்கிறார்கள். காதும் நுரையீரலும் முதுகும் அப்போதே கெடத் தொடங்கிவிடும்.

நிறுத்தும் உரிமை பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? பழைய சட்டத்தில் அபாயகரமான உற்பத்தி முறைகளில் இருப்பவர்கள் மட்டும், உடனடி ஆபத்து இருந்தால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்க முடிந்தது. புதிய சட்டம் இதை எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரித்திருக்கிறது. தெரிவிக்கத்தான் முடியும். தெரிவித்துவிட்டு எந்திரத்தை விட்டு விலகி நிற்கிறவரைத் தண்டிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ம் ஆண்டின் 155-ம் ஒப்பந்தம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. தமிழக அரசு தன் விதிகளில் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், டிரெயினிக்கும் அது பொருந்தும் என்று எழுத வேண்டும். பாதுகாப்புக் குழுவில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

ஆலை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேட்டில் இருக்கிற பலகையில், இந்த மாதம் தொழிலாளர்கள் எத்தனை முறை எந்திரத்தை நிறுத்தினார்கள், எத்தனை முறை ‘நியர் மிஸ்’ (நூலிழையில் தப்பிய விபத்து) எழுதிக் கொடுத்தார்கள், அதில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்று எழுதுங்கள். அந்த எண் கூடினால் கொண்டாடுங்கள். நிறுத்தியவரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள்.

ஆலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளுக்கும் சில வார்த்தைகள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் எல்லோரும், காண்ட்ராக்ட் தொழிலாளி உட்பட, இ.எஸ்.ஐ.-க்குள் வருவார்கள். சேர்ந்த முதல் நாளே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடிபட்ட பிறகு போடும் அட்டைக்குக் காத்திருக்காதீர்கள். நியமனக் கடிதத்தையும், சம்பளச் சீட்டையும், மருத்துவப் பரிசோதனைத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். வேலையில் அடிபட்டால் எவ்வளவு சின்னக் காயமானாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனையில் கட்டுப்போட்டு அமைதியாக அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையால் வந்த காயத்துக்கு எத்தனை நாள் பணம் கட்டினீர்கள் என்று இ.எஸ்.ஐ. கேட்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும், வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும், குணமாகும் வரை ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் பெற உங்களுக்கு உரிமை உண்டு.